ஆச்சியின் அம்மை எங்கே இருக்கிறாள்?

கன்வென்ஷன் பந்தலில் பிரசங்கியார் விரலைச் சொடுக்கினார். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு சொடுக்கு. மைக்குக்குப் பக்கத்தில் கையை வைத்திருந்ததால் மைதானத்தின் கடைசி டியூப்லைட் வரைக்கும் அந்தச் சத்தம் போனது. "நான் சொடுக்குகிற ஒவ்வொரு தடவையும், இயேசுவின் நாமத்தையே கேள்விப்படாத ஒரு ஆத்துமா நரகத்தில் விழுகிறது" என்றார். கூட்டம் அப்படியே அமைதியானது. எனக்கு அப்போது பதினான்கு வயது. பக்கத்தில் ஆச்சி பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மிஷனரி ஊழியத்துக்கான சிறப்புக் காணிக்கைப் பை வந்தபோது முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்து வைத்திருந்த நோட்டைப் போட்டாள்.

கூட்டம் முடிந்து நடந்து வரும் வழியில் ரொம்ப நேரம் அவள் பேசவில்லை. கூட்டத்துக்குப் போய்வந்தால் பாட்டு எப்படி, பிரசங்கம் எப்படி, மூன்றாவது வரிசையில் தூங்கியது யார் என்று எல்லாம் சொல்லுவாள். அன்றைக்கு ஒன்றுமில்லை. எங்கள் தெரு திரும்பும் இடத்தில் நின்று, "எய்யா, அப்போ எங்க அம்மையும் அந்தச் சொடுக்குல ஒண்ணுதானா?" என்றாள்.

நான் ஓய்வுநாள் பள்ளி வசனப் போட்டியில் மூன்று வருஷம் தொடர்ந்து பரிசு வாங்கியவன். யோசிக்கவே இல்லை. "யோவான் பதினாலு ஆறு, ஆச்சி" என்று ஆரம்பித்து, "என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்" என்று தெளிவாக ஒப்பித்து முடித்தேன். ஆச்சி "ம்" என்றாள். வீடு வரைக்கும் அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த "ம்" இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இந்தக் கேள்வியைப் பற்றி நான் வாசித்ததெல்லாம் அந்த "ம்" காரணமாகத்தான்.

ஆச்சி பிறந்தது விளாத்திகுளம் பக்கம் ஒரு கரிசல் ஊர். எட்டு வயதில் வாந்திபேதியில் அம்மை போய்விட்டாள். வளர்க்க ஆளில்லாமல் யாரோ கொண்டுபோய் மிஷன் போர்டிங்கில் சேர்க்க, பன்னிரண்டு வயதில் ஞானஸ்நானம், புதுப் பெயர், பிறகு ஒரு உபதேசியார் வீட்டில் கல்யாணம். அம்மையைப் பற்றி அவளுக்கு நினைவிருந்தது கொஞ்சம்தான். அதில் ஒன்றை அடிக்கடி சொல்லுவாள். அவர்கள் ஊரில் சர்ச் கிடையாது. நாலு மைல் தள்ளி ஒன்று இருந்தது. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் சாயங்கால மணி கேட்கும். அம்மை பருத்தி ஆய்ந்துகொண்டே, "கோயில் மணி அடிச்சாச்சு, விளக்கப் பொருத்துட்டி" என்பாளாம். மணி எதற்கு அடிக்கிறார்கள் என்று அம்மைக்குத் தெரியாது. அவளுக்கு அது விளக்குப் பொருத்துகிற மணி.

சுவிசேஷத்தைக் கேள்விப்படாதவர்கள் என்றவுடன் நம் ஆட்களுக்கு ஒரு தீவுதான் கண்முன் வரும். 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க இளைஞர் சுவிசேஷம் சொல்லப் போய், அந்தமானின் வடக்கு சென்டினல் தீவில் கொல்லப்பட்டபோது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் சண்டை நடந்தது. ரத்தசாட்சியா, சட்டத்தையும் அந்த மக்களின் உடல்நலத்தையும் பொருட்படுத்தாதவரா என்று. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அந்தத் தீவைவிட நாலு மைல்தான் உறுத்திக்கொண்டிருந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீர்திருத்தச் சபைக் குடும்பம் எதுவானாலும் ஐந்தாறு தலைமுறை பின்னால் போனால் அம்மனுக்கோ சுடலைமாடனுக்கோ பொங்கல் வைத்த ஒருத்தியிடம்தான் போய் நிற்கும். நம்முடைய மூக்கும் முழியும் அவளிடமிருந்து வந்தவை. அவளை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று எந்தக் குடும்ப ஜெபத்திலும் நாம் பேசியதில்லை.

யமகுச்சியில் அழுதவர்கள்

பல வருஷம் கழித்து ஆச்சியின் கேள்வியை அப்படியே ஒரு பழைய கடிதத்தில் பார்த்தேன். எழுதியவர் பிரான்சிஸ் சேவியர். நம் பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்குப் புனித சவேரியார். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, மணப்பாட்டிலும் தூத்துக்குடியிலும் அலைந்து, ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று எழுதிய அதே ஆள். 1549 ஆகஸ்டில் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பி, 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவிலுள்ள தன் சபையாருக்கு நீண்ட கடிதம் எழுதினார். ஜப்பானின் யமகுச்சி நகரத்தில் தன்னிடம் கேட்ட கேள்விகளை அதில் ஒன்றொன்றாகச் சொல்கிறார்.

அந்த ஊர்க்காரர்கள் சும்மா தலையாட்டுகிறவர்கள் இல்லை. உங்கள் கடவுள் அவ்வளவு இரக்கமுள்ளவர் என்றால் நீங்கள் வருகிற வரைக்கும் எங்களுக்குத் தன்னை ஏன் காட்டவில்லை என்று கேட்டார்கள். எங்களுக்கு எல்லா ஞானமும் சீனாவிலிருந்து வந்தது, சீனர்களுக்கே இவரைத் தெரியாதே என்றார்கள். சேவியர் சீனாவுக்குக் கிளம்பியதற்கு இதுவும் ஒரு காரணம். அதே வருஷம் டிசம்பரில் சீனக் கரைக்கு எதிரே ஒரு தீவில், உள்ளே போக முடியாமலே இறந்துபோனார். "ஏன் இவ்வளவு தாமதம்" என்ற கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடிந்தது. சீனாவிலிருந்து வேதங்கள் வருவதற்கு முன்னாலேயே கொலையும் களவும் தப்பு என்று உங்களுக்குத் தெரியும், காட்டில் தனியாக வளர்ந்தவனுக்கும் தெரியும், அதை எழுதி வைத்தவர் தேவன்தான் என்றார். ரோமர் இரண்டாம் அதிகாரத்தின் வாதம் அது. கேட்டுக்கொண்டிருந்த புத்திசாலிகள் அதை ஒத்துக்கொண்டார்களாம்.

அப்புறம் வந்த கேள்விக்குத்தான் அவரிடம் ஒன்றும் இல்லை. விசுவாசத்தை ஏற்றுக்கொண்டவர்களே கேட்டார்கள். செத்துப்போன எங்கள் தாய் தகப்பன், பெண்டாட்டி பிள்ளைகள் என்ன ஆனார்கள்? நரகத்திலிருந்து அவர்களை எடுக்க வழியுண்டா? தானதருமம் செய்தால், ஜெபித்தால் ஆகுமா? அந்த ஊர்ப் பௌத்தத் துறவிகள் ஆகும் என்று சொல்லிவந்தவர்கள். சேவியர் ஆகாது என்றார். அவர்கள் அழுதார்கள். இவ்வளவு பிரியமானவர்கள் இனி மாற்றவே முடியாத ஒன்றுக்காக அழுவதைப் பார்க்கும்போது தனக்கும் துக்கம் வருகிறது என்று எழுதுகிறார். அதே கடிதத்தில், இந்த வருத்தம் அவர்களைத் தங்கள் ஆத்துமாவைப் பற்றி அக்கறைப்பட வைக்குமே என்கிற கணக்கும் இருக்கிறது. அந்த இடத்தில் கடிதத்தை மூடிவைத்தேன். எனக்கு விரல் சொடுக்கு கேட்டது. அடுத்தவரின் இழவை நெம்புகோலாக்குகிற வேலை நானூற்று ஐம்பது வருஷமாக நடந்திருக்கிறது, அதுவும் நல்ல மனிதர்கள் கையால். அவருக்குத் துக்கம் வந்தது என்பதும் உண்மைதான். கன்வென்ஷன் பிரசங்கியாரிடம் அதை நான் பார்க்கவில்லை. அந்த வித்தியாசத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்றும் நெருடியது. சேவியர் வருவதற்குச் சில வருஷம் முன்னால், 1535க்கும் 1537க்கும் இடையில், முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஊர் ஊராகப் போர்ச்சுகீசியரிடம் ஞானஸ்நானம் வாங்கியிருந்தார்கள். பாதுகாப்பு தேவைப்பட்டது, போர்ச்சுகீசியர் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு சொல்லிக்கொடுக்க ஆளே இல்லாமல் வருஷங்கள் போயின. ஞானஸ்நானம் வாங்கியும் கேள்விப்படாதவர்கள் அவர்கள். ஆச்சியின் அம்மை மணியைக் கேட்டும் கேள்விப்படாதவள். "கேள்விப்படுதல்" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிற வார்த்தைக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அப்போதுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

ஒரு சாண் பார்வை

இந்தக் கேள்வியோடு சபை பட்ட பாட்டை முழுதாக எழுதினால் தாங்காது. எனக்கு ஒட்டிக்கொண்ட சிலதை மட்டும் சொல்கிறேன். இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற ரத்தசாட்சி, சாக்ரட்டீஸ் போன்றவர்கள் வார்த்தையானவராகிய கிறிஸ்துவோடு இசைந்து வாழ்ந்தார்கள், அதனால் அவர்களும் கிறிஸ்தவர்களே என்று துணிந்து எழுதிவிட்டார். அந்தத் துணிச்சல் பின்னால் வற்றிப்போனது. 1442இல் பிளாரன்ஸில் கூடிய திருச்சபைச் சங்கம், சாவதற்குள் சபையில் சேராத யாரும் நித்திய அக்கினிக்குத்தான் போவார்கள் என்று எழுதி வைத்தது. சரியாக ஐம்பது வருஷத்தில் கொலம்பஸின் கப்பல் கரை தட்டியது. சுவிசேஷம் உலகமெங்கும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது, சேராதவன் பிடிவாதக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் முன்னால் ஒரு பாதி உலகம் வந்து நின்றது.

அதற்கு முன்பே இத்தாலியக் கவிஞர் தாந்தே இதில் மாட்டிக்கொண்டிருந்தார். தன் காவியத்தில் மோட்சத்தைப் பாடும் பகுதியில் தன் மனதை அரிக்கும் சந்தேகத்தைச் சொல்கிறார். ஒருவன் சிந்து நதிக்கரையில் பிறக்கிறான், அங்கே கிறிஸ்துவைப் பற்றிப் பேசவோ எழுதவோ ஆளில்லை, அவன் நல்லவனாக வாழ்ந்து ஞானஸ்நானம் இல்லாமல் சாகிறான், அவனைத் தண்டிக்கிற நீதி எது? இத்தாலிக்காரர் உதாரணம் தேடி வந்த இடம் நம் பக்கம்! பதில் சொல்வது ஒரு கழுகு. ஒரு சாண் தூரம் பார்க்கிற கண்ணை வைத்துக்கொண்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் தீர்ப்புச் சொல்ல நீ யார் என்று அதட்டுகிறது. அதட்டிவிட்டு, அடுத்த பாடலிலேயே கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முந்தைய டிராய் நகரத்து ரிஃபேயுஸ் என்பவனை மோட்சத்தில் காட்டுகிறது. பதிலில்லாமல் ஆளைக் காட்டுவது. அந்தக் குசும்பு எனக்குப் பிடித்திருந்தது.

என்னை அதிகம் அசைத்தவர் ஸ்பெயினில் சலமன்கா பல்கலைக்கழகத்தில் இருந்த இறையியலாளர் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா. 1539இல் அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, சுவிசேஷம் அறிவித்தும் ஏற்காதவர்கள் பாவிகள் என்ற வாதத்தை எடுத்து உடைக்கிறார். அவர்களுக்கு அது ஒழுங்காக அறிவிக்கப்பட்டதா என்பதே எனக்கு நிச்சயமில்லை, அற்புதங்களையோ நல்ல வாழ்க்கையையோ அங்கே பார்த்ததாகத் தகவல் இல்லை, கொடுமைகளையும் இடறல்களையும்தான் கேள்விப்படுகிறேன் என்கிறார். சொல்லுகிறவன் வாழ்க்கை சொல்லுக்கு எதிராக இருந்தால் கேட்கிறவன் கேட்டதாகக் கணக்கில்லை. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலுக்குள் இரண்டு சாதிக்கு நடுவே நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அந்தச் சுவரை வெளியே நின்று பார்த்தவன் என்ன சுவிசேஷத்தைக் கேட்டிருப்பான்? நாலு மைல் தள்ளியிருந்த அந்த சர்ச்சிலிருந்து அம்மையின் தெருவுக்கு யாரும் ஏன் வரவில்லை என்று ஆச்சியிடம் ஒருமுறை கேட்டேன். "எங்க தெருவுக்கு யாரு வருவா" என்று மட்டும் சொன்னாள்.

கத்தோலிக்கச் சபை 1964இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், தங்கள் குற்றமில்லாமல் சுவிசேஷத்தை அறியாமல், உண்மையான மனதோடு தேவனைத் தேடி மனச்சாட்சியின்படி நடக்கிறவர்களும் இரட்சிப்பை அடையலாம் என்று எழுதியது. கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ரானர் அப்படிப்பட்டவர்களைப் பெயரறியாக் கிறிஸ்தவர்கள் என்றார். நல்லெண்ணம்தான், ஆனால் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. ஆச்சியின் அம்மை ஆடி மாசம் கூழ் ஊற்றினவள். அவளை அவளுக்கே தெரியாமல் நம் பதிவேட்டில் எழுதிக்கொள்வது, அவள் வீட்டுக்குள் கேட்காமல் நுழைவது மாதிரி இருக்கிறது. எங்கள் சபையின் மூலமான ஆங்கிலிக்கன் சபையோ, தன் 39 விசுவாசக் கோட்பாடுகளில் 18ஆவதில், அவனவன் மார்க்கத்தின்படி நடந்தால் அதனாலேயே அவனவன் இரட்சிக்கப்படுவான் என்பவர்களைச் சபிக்கிறது. கிறிஸ்து வழியாகத்தான் என்று அது சொல்கிறது, கிறிஸ்து யார் வரைக்கும் போவார் என்று சொல்லவில்லை. "பாதாளத்தில் இறங்கினார்" என்று விசுவாசப் பிரமாணத்தில் கிறிஸ்துவைப் பற்றி வாரா வாரம் நின்றுகொண்டு சொல்லுகிறோமே, எதற்கு இறங்கினார் என்று யாராவது பிரசங்கம் பண்ணிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. கீழை ஆர்த்தடாக்ஸ் சபைகளின் படத்தில் அவர் ஆதாமையும் ஏவாளையும் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறார். உள்ளங்கையைப் பிடித்தால் அவர்களும் பிடிக்க வேண்டியிருக்கும். மணிக்கட்டு என்றால் இழுப்பது முழுக்க அவர் வேலை.

ஐயர் வந்த நாள்

ஆச்சி படுத்த படுக்கையான கடைசி மாசங்களில் எங்கள் சபை ஐயர் (பாதிரியாரை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம்) வாரத்துக்கு ஒருமுறை நற்கருணை கொடுக்க வருவார். ஓய்வு பெறுகிற வயது. பிரசங்கத்தில் பெரிய பெயர் கிடையாது, பன்னிரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவார் என்பதால் வாலிபர்களுக்குப் பிடிக்கும். ஒருநாள் அவர் பாத்திரங்களைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கும்போது ஆச்சி கேட்டுவிட்டாள். எனக்குத் திக்கென்றது. "ஐயரே, நான் அங்க போனா எங்க அம்மையைப் பாப்பனா? அவ கேள்விப்படாதவ."

வசனம் வரும் என்று நினைத்தேன். ஐயர் நாற்காலியைக் கட்டில் பக்கத்தில் இழுத்துப் போட்டு, "உங்க அம்மையைப் பத்திச் சொல்லுங்கம்மா" என்றார். ஆச்சி சொன்னாள். எனக்கே தெரியாததைச் சொன்னாள். ஒவ்வொரு வேளையும் உலை வைப்பதற்கு முன்னால் அம்மை ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாளாம். வாசலுக்கு வருகிற பண்டாரத்துக்கும், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும், யார் வீட்டிலாவது அடுப்பு எரியவில்லை என்றால் அவர்களுக்கும். வீட்டில் கம்பங்கூழ் மட்டும் இருந்த நாளில் ஒரு பிடி கம்பு. எங்கள் வீட்டில் ஆச்சி சமையல்கட்டில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பா வைத்து, பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் பிடி அரிசிக் காணிக்கை சேர்த்துவந்ததை நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். அது சபையில் கற்றுக்கொடுத்தது என்றுதான் நினைத்திருந்தேன். "அம்மை செஞ்சதுதான் ஐயரே. பானைதான் வேற" என்றாள்.

ஐயர் வேதாகமத்தில் அப்போஸ்தலர் பத்தாம் அதிகாரத்தை எடுத்தார். கொர்நேலியு என்று ஒரு ரோமப் பட்டாளத்துக்காரர், ஜனங்களுக்கு மிகுந்த தருமம் செய்தவர் என்று முன்கதையைச் சொல்லிவிட்டு, தேவதூதன் அவனிடம் சொன்னதை மட்டும் வாசித்தார். "உன் ஜெபங்களும் உன் தருமங்களும் தேவனுக்கு நினைப்பூட்டுதலாக அவர் சந்நிதியில் வந்தெட்டியிருக்கிறது." மூடிவிட்டார்.

"அந்த ஆளு அப்போ ஞானஸ்நானம் வாங்கலியோ?"

"இல்லம்மா. அது பிற்பாடு."

"அப்போ அம்மை போட்ட அரிசியெல்லாம் அங்க போயிருக்குங்கியளா?"

"வந்தெட்டியிருக்கிறதுன்னுதான் எழுதியிருக்கு" என்றார். பிறகு ஜெபித்தார். செத்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அவரும் அதைச் செய்யவில்லை. "இந்தத் தாயாரைப் பெற்று, பிடி அரிசி எடுக்கக் கற்றுக்கொடுத்த அந்தத் தாயாருக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம்" என்றார். ஆச்சி "ஆமென்" சொன்னது வாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.

எனக்கு ஆறவில்லை. நான் வசனப் போட்டிக்காரன் அல்லவா. வாசலுக்கு வழியனுப்பப் போனவன், "ஐயா, ஆனா அடுத்த வசனத்துல..." என்று ஆரம்பித்தேன். அடுத்த வசனத்தில் தூதன், யோப்பாவுக்கு ஆளனுப்பிப் பேதுருவை அழைப்பி என்கிறான். தருமம் எட்டியதோடு விஷயம் முடியவில்லை. கொர்நேலியுவும் வீட்டாரும் இரட்சிக்கப்படுவதற்கான வார்த்தைகளைப் பேதுரு சொல்லுவான் என்று பதினோராம் அதிகாரத்தில் தெளிவாகவே இருக்கிறது. பிரசங்கியார் பக்கத்து ஆட்கள் எடுப்பது இந்த இடத்தைத்தான், எடுக்க நியாயமும் இருக்கிறது.

ஐயர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "அடுத்த வசனமும் எனக்குத் தெரியும் தம்பி" என்றார். வண்டியை உதைத்தார், கிளம்பவில்லை, இன்னொரு தடவை உதைத்தார். "பேதுரு போனான். அந்தம்மா வீட்டுக்கு யாரும் போகலையே. நாலு மைல்னு சொன்னாங்கல்ல?"

அன்றைக்கு ராத்திரி ரோமர் பத்தாம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன். "அவரைக்குறித்துக் கேள்விப்படாதவர்கள் எப்படி விசுவாசிப்பார்கள்? பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள்?" எத்தனையோ மிஷனரி ஞாயிறுகளில் கேட்ட வசனம். கேள்விப்படாதவர்கள் கெட்டார்கள் என்று சொல்வதற்கான வசனமாகவே அது என் தலையில் பதிந்திருந்தது. அதில் இருப்பது கேள்விகள் மட்டும். கேட்கப்படுவது போகாதவனை. லூக்காவில் ஒருவன் வந்து, "இரட்சிக்கப்படுகிறவர்கள் சிலபேர்தானோ" என்று எண்ணிக்கை கேட்கிறான். இயேசு எண்ணிக்கை சொல்லவில்லை. இடுக்கமான வாசல் வழியாய் உள்ளே போகப் பாருங்கள் என்று அவன் பக்கம் திருப்பிவிடுகிறார். ஆச்சியின் அம்மை மோட்சத்தில் இருக்கிறாள் என்று எனக்கு வசனம் காட்டத் தெரியாது. இல்லை என்று பதினான்கு வயதில் காட்டினேனே, அதை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டேன். மறுநாள் ஆச்சியிடம் சொன்னேன், அன்றைக்கு அந்த வசனத்தை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று. அவளுக்கு நினைவே இல்லை. "எந்த வசனம்?" என்றாள்.

ஆச்சி அடுத்த மாசம் போய்விட்டாள். அடக்கம் முடிந்த வாரம் சங்கத்து அக்கா பிடி அரிசி வாங்க வந்தார். சித்தி டப்பாவை எடுத்துக் கவிழ்த்தாள். ஒன்றரைப் படிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. படுக்கையில் விழுந்த பிறகும் அவள் சத்தம் போட்டுச் சித்தியை ஒவ்வொரு வேளையும் போட வைத்திருக்கிறாள். இப்போது சித்தி தானாகப் போடுகிறாள். குக்கர் வைக்கிற அவசரத்தில் பாதி நாள் மறந்துவிடுகிறது என்கிறாள். ஞாபகம் வந்தால் வெந்த சோறு ஆயிற்றே என்று அடுத்த வேளை இரண்டு பிடியாகப் போட்டுவிடுகிறாளாம்.